மொரிஸ் மைனரின் பின் ஸ்பிரிங்கும் மட்காட்டும்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. உங்களிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 சலூன், யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. பின்பக்கம் வலப்புறமாகச் சாய்ந்து நிற்கிறது. கிடங்கில் விழுந்தால் பின்சில்லு இரண்டு மூன்று தரம் துள்ளுகிறது. பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஒரு ஜப்பான் வானின் பின் அக்சிலைக் கொயில் (சுருள்) ஸ்பிரிங்கோடு பூட்டலாம், ஆறு அங்குல அலோய் சில்லுப் போடப் பின் மட்காட்டை வெட்டி அகலமாக்கலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா, செய்வதென்றால் எப்படி என்று கேட்கிறீர்கள். இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: வண்டி ஏன் சாய்கிறது, ஏன் துள்ளுகிறது, மைனரின் பொடி கொயிலைத் தாங்குமா, எவ்வளவு அகலச் சில்லு உள்ளே அடங்கும். முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் மற்ற இரண்டிலும் கை வைக்கக்கூடாது. லீஃப் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே நீங்கள் விரும்பும் ஓட்டத்தையும் தோற்றத்தையும் பெரும்பாலும் பெற்றுவிடலாம் என்பது என் முடிவு. காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த நாளிலிருந்தே தரைத்தகடு, சில் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு), பின்தண்டு (பின்பக்கத்தின் அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டம்) எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒற்றைப் பொடிதான். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் (முன்நுனி வளையம்) பின் ஆசனத்துக்குக் கீழே உள்ள ஹாங்கரில், அதாவது பொடியோடு சேர்ந்த பிடியில், பூட்டியிருக்கிறது. பின்கண் டிக்கித் தரையின் கீழ்த் தண்டில் ஷக்கிளில் (ஆடும் இணைப்பில்) தொங்குகிறது. அக்சிலுக்கும் பொடிக்கும் இடையில் வேறு எந்தக் கம்பியும் இல்லை. வண்டியின் பாரத்தைச் சுமப்பது, அக்சிலை நேராக வைத்திருப்பது, என்ஜின் தள்ளும் தள்ளலைப் பொடிக்குக் கொடுப்பது, பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கத்தைத் தாங்குவது எல்லாமே அந்த இரண்டு ஸ்பிரிங்குகளின் வேலை. ஆகவே மைனரில் ஸ்பிரிங் வேலையும் பொடி வேலையும் ஒன்றேதான். ஹாங்கரைச் சுற்றிக் கறள் பிடித்திருந்தால் உலகத்திலேயே நல்ல ஸ்பிரிங்கைப் பூட்டினாலும் வண்டி சாயும்.

முதலில் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. சமதரையில் நிறுத்தி, நான்கு ரயருக்கும் ஒரே காற்று அடித்து, வண்டியை மேலும் கீழும் ஆட்டி விடுங்கள். மட்காட்டின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். மைனரின் பின் மட்காட் போல்ற்றில் பூட்டுவது, யார் எப்போது எப்படிப் பூட்டினார்களோ தெரியாது. அக்சில் குழாயின் மேற்பக்கத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள தண்டு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். பிறகு முன்பக்கத்தில் இரண்டு தண்டுகளுக்கும் குறுக்கே பலமான ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் சரி நடுவில் ஜக்கை வைத்து முன்சில்லுகள் தரையை விடும்வரை தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் பின்பக்கம் தன் இயல்பில் இருக்கும். சாய்வு மறைந்தால் குற்றம் பின்னால் இல்லை: மைனரின் முன் ஸ்பிரிங் நீளவாட்டில் ஓடும் முறுக்குத் தண்டு, அதில் ஒன்று தளர்ந்து அதே பக்கத்துப் பின்மூலையைக் கீழே அழுத்துகிறது. அதன் பின்நுனியில் சரிசெய்துகொள்ளலாம். முன்பக்கத்தைத் தூக்கியும் சாய்வு அப்படியே நின்றால் பின் ஸ்பிரிங் இரண்டையும் இடம்மாற்றிப் பூட்டிப் பாருங்கள். சாய்வு இடப்புறம் போனால் ஸ்பிரிங். வலப்புறத்திலேயே நின்றால் பொடி.

பொடியைப் பரிசோதிக்கும்போது கீழே பூசியிருக்கும் கறுத்தத் தாரை நம்பவேண்டாம். சுரண்டி எடுத்துவிட்டு, கூர்மையான ஆணி உளியால் ஹாங்கரைச் சுற்றி, பின் ஷக்கிள் தொங்கும் தண்டு, உட்சில் தகட்டின் பின்முனை, ஜக் வைக்கும் இடம், நடுக் குறுக்குத் தண்டின் இரு முனைகள் எல்லாவற்றையும் அழுத்தமாகக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும். கடல்காற்றும், மட்காட்டுக்குள் அப்பிக் காயாமல் கிடக்கும் செம்மண்ணும் சேர்ந்து இந்த இடங்களை உள்ளிருந்தே தின்றுவிடும். இன்னொரு விடயம்: தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த தகட்டைக் கொண்டு காஸ் வெல்டில் ஒட்டுப்போட்டு ஓடிய வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம். அந்த ஒட்டுகள் வண்டியைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவற்றின் கீழே பழைய கறள் தகடு அப்படியே இருந்தால், புதிதாக ஒட்டுவதற்குப் பிடிமானம் இருக்காது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடாமல், நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுக்கவேண்டும். உங்கள் வண்டியில் எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்லமுடியாது. படம் போட்டாலும் போதாது.

வெல்டிங் தேவைப்பட்டால் ஒழுங்கு முக்கியம். பெற்றோல் தாங்கி டிக்கித் தரையில்தான் இருக்கிறது, ஏறக்குறைய 29 லீற்றர் கொள்ளளவு. அதை வெறுமையாக்கினால் மட்டும் போதாது, முற்றாகக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். வெறுந்தாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். பின் விளக்குக்குப் போகும் வயரும் பிரேக் குழாயும் எந்த வழியில் போகின்றன என்று பார்த்து விலக்கிவிடுங்கள். கதவுக்குக் கீழுள்ள சில் தகட்டை வெட்டுவதானால், அதற்கு முன் கதவு வாய்க்குள் 25 மில்லிமீற்றர் பெட்டிக்குழாய் ஒன்றைக் குறுக்கே தற்காலிகமாக ஒட்டி, வண்டியைச் சில்லுகளின் மேலேயே மட்டமாக நிறுத்துங்கள். நடுவில் தூக்கி வைத்துக்கொண்டு சில் தகட்டை வெட்டினால் பொடி வளையும், பிறகு கதவு எக்காலமும் மூடாது. பாரம் தாங்கும் இடங்களுக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீற்றர் தகடு. வெளித்தோலுக்கு 20 கேஜ் போதும். ஹாங்கரைச் சுற்றி ஒட்டும்போது 8 மில்லிமீற்றர்த் துளைகளை 30 மில்லிமீற்றர் இடைவெளியில் போட்டு அவற்றை நிரப்பி ஒட்டி, விளிம்பையும் 20–25 மில்லிமீற்றர்த் துண்டுகளாக மாறிமாறி ஒட்டுவது நல்லது. ஒரே இழுவையாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். மற்றப் பக்கம் உங்களுக்கு அளவுகோலாக இருக்கட்டும். இரு பக்க ஹாங்கர்த் துளைகளும், முன்னால் உள்ள பொது இடம் ஒன்றிலிருந்து அளக்கும்போது, 3 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபடக்கூடாது. வேறுபட்டால் பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும்.

இனி ஸ்பிரிங். முன்சில்லுக்குக் கட்டை வைத்து, பின் ஹாங்கருக்கு முன்னால் உள்ள பலமான இடத்தில் பொடியை ஸ்டாண்டில் நிறுத்தி, அக்சிலை ஜக்கில் தாங்கிக்கொள்ளுங்கள். ஷொக்கின் (துள்ளலை அடக்கும் ஒயில் கருவியின்) இணைப்புக் கம்பியைக் கழற்றி, யூ-போல்ற்றுகளைக் கழற்றி, அக்சிலை மெல்ல இறக்குங்கள். நடுவில் அக்சிலுக்கு வரும் ரப்பர் பிரேக் குழாயில் பாரம் விழாமல் பார்க்கவேண்டும். பலர் அதை மறந்து குழாயை உள்ளே கிழித்துவிடுகிறார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்பிரிங் கையில் வந்ததும் பட்டைகளைப் பிரித்துக் கம்பித் தூரிகையால் துடைத்து, நடுத்துளையைச் சுற்றியும் கண்ணுக்கு அருகிலும் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். நடு போல்ற்றின் தலை தேய்ந்தோ உடைந்தோ இருப்பது அடிக்கடி நடக்கும். அதுதான் அக்சிலை ஸ்பிரிங்கின் மேல் இடம்பிசகாமல் வைத்திருக்கும் சிறு முளை.

தளர்ந்த பட்டையைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றலாம் என்பார்கள். குளிர்நிலையில் அடித்து ஏற்றினால் கொஞ்சக் காலம் நிற்கும், பிறகு இறங்கும். காஸ் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டால் உருக்கின் பதம் போய்விடும்; காய்ச்சினால் மறுபடி ஒயிலில் தோய்த்துப் பதமேற்றும் வசதி உள்ள இடத்தில்தான் செய்யவேண்டும். முடியுமானால் புதிய சோடி வாங்குங்கள். வாங்கும்போது பட்டைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: ட்ரவலர், வான் ஆகியவற்றின் கட்டு சாமான் ஏற்றுவதற்கானது, சலூனில் பூட்டினால் பின்பக்கம் தூக்கி நின்று இன்னும் துள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஸ்பிரிங் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போகும். உலர்வாகவோ சவர்க்கார நீரிலோ ஏற்றுங்கள். கண் போல்ற்றையும் ஷக்கிளையும் சில்லு தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய பிறகுதான் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே நிற்கும், ஆறு மாதத்தில் கிழியும். யூ-போல்ற் கட்டாயம் புதிது. மூலைக்கு மூலை மாறிமாறி இறுக்கி, 200 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

நீங்கள் சொல்லும் துள்ளல் பெரும்பாலும் ஷொக்கின் குற்றம். மைனரில் இருப்பது ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்தின் கைவைத்த பழைய வகை. இணைப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கையை மேலும் கீழும் முழுத்தூரம் அசைத்துப் பாருங்கள். முழுவதும் ஒரே கனமாக எதிர்க்கவேண்டும். நடுவில் சும்மா ஓடும் இடம் இருந்தால் ஒயில் குறைந்து காற்றுப் புகுந்திருக்கிறது. சுற்றுப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து, மூடியைக் கழற்றி ஒயில் விட்டு, கையைப் பத்துப் பதினைந்து தரம் அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். அதற்கென்றே உள்ள ஒயில் கிடைக்காவிட்டால் மோட்டார்சைக்கிள் முன் ஃபோர்க்குக்கு விடும் 20ஆம் இலக்க ஒயில் வேலை செய்யும். பிரேக் ஒயில் ஒருபோதும் விடாதீர்கள். ஒயில் விட்டும் சும்மா ஓடினாலோ, கை நுழையும் இடத்தில் கசிந்தாலோ அதைப் புதுப்பிக்கவேண்டும். குழாய் வடிவ ரெலிஸ்கோப் ஷொக்குக்கு மாறலாம். நல்ல மாற்றம்தான், மேற்பிடி சரியாக இருந்தால். டிக்கித் தரையின் மெல்லிய தகட்டில் துளைபோட்டு மேற்பிடியைப் பூட்டுவதுதான் எங்கும் காணும் தவறு: சில மாதங்களில் தகடு பிளக்கும். பழைய ஷொக் நின்ற பலமான இடத்தையே பயன்படுத்துங்கள், அல்லது இரு தண்டுகளுக்கும் குறுக்கே ஒரு குழாய் வைத்து அதில் பூட்டுங்கள். ஷொக்கின் நீளத்தைத் தெரிவுசெய்ய, அக்சிலை முழுதாக மேலேற்றி ஒரு அளவும் முழுதாகத் தொங்கவிட்டு ஒரு அளவும் எடுங்கள். சுருங்கிய ஷொக் முதல் அளவைவிட 15 மில்லிமீற்றராவது குட்டையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் நிறுத்தியில் படவேண்டிய அடி ஷொக்கின் உள்ளே விழும்.

வண்டியைத் தாழ்த்த விரும்பினால் 25 முதல் 40 மில்லிமீற்றர் வரை பாதுகாப்பானது. வளைவு குறைத்துச் செய்த ஸ்பிரிங் முதல்தரம். அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் கட்டை இரண்டாந்தரம். அது கனமான அலுமினியமாகவோ உருக்காகவோ, கீழே துளையும் மேலே முளையும் உள்ளதாக, ஒற்றைத் துண்டாக இருக்கவேண்டும். மரக்கட்டையோ இரண்டை அடுக்குவதோ கூடாது. கட்டை உயர உயர அக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்பு கூடும். கிளச்சை விட்டதும் பின்சில்லு தடதடவென்று அடிக்கும். நிசான், டொயோட்டா என்ஜின் ஏற்றிய மைனர்களில் இந்த நோய் தாழ்த்தாமலேயே வரும். அதற்கு மருந்து, ஸ்பிரிங்கின் முன்பாதிக்கு இணையாக ஓடும் முறுக்குத் தடுப்புக் கம்பி. அதன் நீளமும் முன்பிடியின் உயரமும் ஸ்பிரிங்கின் முன்பாதியோடு ஒத்துப்போகவேண்டும், இல்லையென்றால் ஒன்றோடொன்று இழுபட்டு ஸ்பிரிங் அசையாமல் நிற்கும். உங்கள் வண்டியில் பழைய 948 சிசி என்ஜின் என்றால் இந்தக் கம்பி தேவையில்லை.

இப்போது கொயில் விடயம். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன்; பிரித்தானியாவில் மைனருக்கென்றே நாலு கம்பி, ஐந்து கம்பிக் கிற்றுகள் செய்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெறும் வண்டி 775 கிலோ அளவில். பின் ஆசனத்தில் மூவரும் டிக்கியில் சாமானும் இருந்தால் பின் அக்சிலில் 500 கிலோ வரும், ஒரு பக்கத்துக்கு 250. கிடங்கில் விழும் கணத்தில் அது இரண்டு மூன்று மடங்காகும். லீஃப் ஸ்பிரிங் அதை ஹாங்கருக்கும் ஷக்கிளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, அந்த இரண்டு இடங்களையும் அதற்காகவே பலப்படுத்தியிருக்கிறார்கள். கொயில் முழுவதையும் ஒரே புள்ளியில், அக்சிலுக்கு நேர் மேலே, அதற்காகச் செய்யப்படாத இடத்தில் குத்தும். அதோடு கொயில் அக்சிலைப் பிடித்து வைக்காது. நீளக் கம்பிகள் நாலும் பக்கவாட்டுக் கம்பி ஒன்றும் வேண்டும், அவை ஒவ்வொன்றும் பொடியில் பிடிமானம் கேட்கும். இரு தண்டுகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றைப் பின் ஆசனத்துக்குப் பின்னால் கட்டாமல் இதைச் செய்தால் மேற்பிடி கிழிந்து வரும். கராஜில் அந்தச் சட்டத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். ‘ஒட்டிவிடலாம்’ என்பது மட்டும் பதிலாக வந்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

வான் அக்சில் இன்னொரு சங்கிலியைத் தொடக்கிவிடும். மைனரின் பின்தடம், அதாவது இரு பின்சில்லுகளின் நடுக்களுக்கு இடையிலான அகலம், 1278 மில்லிமீற்றர். அதைவிட அகலமான அக்சிலை வைத்தால் சில்லு மட்காட்டுக்கு வெளியே வரும், அதை மறைக்கத்தான் மட்காட்டை வெட்டவேண்டி வருகிறது. அக்சிலின் பல் விகிதமும் மாறும். 948 என்ஜினுக்குக் கொடுத்தது 4.555. வானின் விகிதம் வேறாக இருந்தால் ஏற்றத்தில் இழுக்காது அல்லது வேகத்தில் கத்தும். ஹான்ட்பிரேக் கேபிளும், சுழற்சியை அக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்ஷாஃப்ற்றும் புதிதாகச் செய்யவேண்டும். ஒரிஜினல் அக்சிலில் ஒயில் சீலும் பெயரிங்கும் மாற்றினால் உங்கள் பாவனைக்குத் தாராளம்.

சில்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மைனரில் சில்லைப் பூட்டும் நாலு ஸ்ரட்டும் 4 அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றரில் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பல ஜப்பான் அலோய்கள் 100 மில்லிமீற்றர் வட்டம். தள்ளினால் ஏறிவிடும், நற்றும் இறுகும். ஆனால் ஒவ்வொரு ஸ்ரட்டும் 0.8 மில்லிமீற்றர் உள்ளே வளைந்து நிற்கும், நற்றின் கூம்பு முழுதாகப் பதியாது. ஓட ஓட நற் தளரும், ஸ்ரட் அறும். ஏறியது என்பதற்காகப் பூட்டவேண்டாம். எம்ஜி மிட்ஜெற்றின் சில்லு அதே வட்டம், ஆனால் 13 அங்குலம். 14 அங்குலத்தில் 4½ அல்லது 5 அங்குல அகலமும் 155/80 ரயரும் மைனரின் பின்பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். 165/70 போட்டால் வண்டி ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் தானாகவே தாழும், அதையும் தாழ்த்தும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலம் வேண்டுமென்றால் உள்ளே ஸ்பிரிங்குக்கும் வெளியே மட்காட் விளிம்புக்கும் இடைவெளியை, அக்சிலை முழுதாக மேலேற்றி வைத்துக்கொண்டு அளந்து, இரு பக்கமும் 12 மில்லிமீற்றராவது மிஞ்சுகிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் மிஞ்சாது. மைனரின் பின் மட்காட் சில்லை ஆழமாக மூடுவது என்பதையும் மறக்கவேண்டாம்: ரயர் அகலமானால் பங்சர் நேரத்தில் சில்லைக் கழற்றுவதே சிரமம்.

மட்காட்டை அகலமாக்கியே தீரவேண்டுமென்றால், ஒரிஜினல் சோடியைக் கழற்றி எண்ணெய் பூசி உள்ளே வைத்துவிட்டு வேறு சோடியில் வேலை செய்யுங்கள். இங்கே அது கஷ்டமில்லை. பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து மைனர்த் தகடுகளை இங்கேயே செய்வித்துப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். அந்தக் கைப்பழக்கம் தெற்கில் இருக்கிறது. கழற்றும்போது உள்ளே ஒட்டிய நற்றுகள் சுழன்று உயிரை வாங்கும். முதல் நாளே ஊடுருவும் ஒயில் அடித்து வையுங்கள். சுழன்றுவிட்டால் போல்ற்றின் தலையைத் துளைத்து எடுத்துவிட்டு, தகட்டில் இறுகும் ரிவெற் நற் போடலாம். அகலமாக்க, பொடியில் பொருந்தும் விளிம்பைத் தொடாமல், அதற்கு 40–50 மில்லிமீற்றர் வெளியே நீளவாட்டில் வெட்டி, இடையில் அதே வளைவில் உருட்டிய தகட்டுப் பட்டி ஒன்றை ஒட்டவேண்டும். பொடியில் பூட்டி வைத்தபடியே புள்ளி புள்ளியாகப் பிடித்த பிறகு கழற்றி முழுதாக ஒட்டினால் வளைவு மாறாது. மேலே பூசும் புட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் போனால் தகட்டு வேலை சரியில்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கும் சில்லுக் கூட்டை எக்காரணத்துக்காகவும் வெட்டவேண்டாம். அது பின்தண்டோடு சேர்ந்து பொடியை நிமிர்த்தி வைத்திருக்கும் பாகம். பூட்டுமுன் இரண்டு முகங்களுக்கும் பெயின்ற் அடித்து, நடுவில் புதிய பீடிங்கை (இடைப் பட்டியை) வைத்து, உட்பக்கத்து மூட்டில் சீலர் பூசுங்கள். அடைபட்ட மண் ஐப்பசி மழைக்கு முன் ஒருதரம் தண்ணீரடித்துக் கழுவப்பட்டால் இந்த வேலை நீடிக்கும்.

அக்சிலையும் ஸ்பிரிங் வகையையும் மாற்றுவது, வண்டியின் அகலத்தைக் கூட்டுவது போன்றவற்றை வெட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். புஷ், ஷொக், புதிய லீஃப் ஸ்பிரிங், கறள் தகட்டுக்குப் பதில் தகடு என்பவை பழுதுபார்த்தல். வான் அக்சிலும் கொயிலும் வேறு வகை. விபத்து என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான். முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்த அளவையும், இரு பக்க அக்சில்–தண்டு இடைவெளியையும், ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை என்பதையும் எழுதினால், தாழ்த்த வேண்டிய அளவை உங்கள் வண்டிக்கே கணக்கிட்டுச் சொல்லலாம்.